பிரெஞ்சுல பாடின உன் ஒப்பாரி

என் தங்கமே, செசிலியக்கா,

அன்னிக்கு வூட்டுல இருந்தவங்க யாரையும் நான் மறக்கல. கட்டில்ல படுத்த படுக்கையா நீ. கால்மாட்டுல நான். உன் மவன் அந்தோணி, ஹார்பர்ல ஷிப்ட் முடிஞ்சு வந்து சட்டைகூட மாத்தாம நின்னான். அவன் பொண்டாட்டி ஜோஸ்பின், கையில போனோட. அப்புறம் எதிர்வூட்டு குப்பம்மா, உன்னைப் பாக்க சாத்துக்குடி வாங்கினு வந்தவ. வேற ஒருத்தரும் இல்ல.

பிரான்சுலேர்ந்து உன் பேத்தி நதாலி பாட்டு அனுப்பியிருந்தா. அவ பாடின முதல் பாட்டு. ஒத்தப் பாட்டா வெளியிடறாளாம், அதுக்கு சிங்கிள்னு பேராம். ஊரு கேக்கறதுக்கு முன்னாடி ஆயா கேக்கணும்னு சொல்லி அனுப்பினா.

பிரெஞ்சு நமக்கு இன்னா புரியும்? ஆனா ஜோஸ்பின் போட்டதும் எனக்கு உடம்பே சிலிர்த்துப்போச்சு. பியானோவுக்கு மேல ஓடினது உன் ராகம்க்கா. மாமா செத்தப்போ நீ மாரடிச்சுப் பாடினியே, அதே இழுப்பு. போன லீவுல நீ நெத்திலி ஆய்ஞ்சுகினே அதைப் பாட, அந்தப் பொண்ணு போன்ல புடிச்சுகினு போனாளே, ஞாபகம் கீதா?

திருவொற்றியூர்லேர்ந்து எர்ணாவூர் வரைக்கும் எந்தத் துக்க வூடா இருந்தாலும் உனக்குத்தான ஆட்டோ அனுப்புவாங்க. உன் ராகம் தெரியாதவங்க யாரு? குப்பம்மா கண்டுபுடிச்சிட்டா.

"இன்னாமே இது, செசிலி வெக்கிற ஒப்பாரி மாதிரியே கீது?"

அவ்ளோதான். அந்தோணி முகம் வெளுத்துப்போச்சு. போனைப் புடுங்கி அணைச்சான். "உசுரோட கீற மனுசி தலமாட்டுல ஒப்பாரியா போடற? அறிவு கீதா உனக்கு?"ன்னு பொண்டாட்டி மேல பாஞ்சான்.

"டேய், உன் அக்கா பொண்ணு பாட்டுடா. முழுசா போடு"ன்னேன்.

"சித்தி, நீ சும்மா இரு. ஆவாது."

அப்பதான் நீ கண்ணைத் தொறந்த. "இன்னாடா சத்தம்? நம்ம பாட்டு மாதிரி கேட்டுச்சே..."

"ஒண்ணுமில்லம்மா. பக்கத்து வூட்டு டிவி."

நீ மறுபடி கேக்கல. அந்த வாரமே போயிட்ட. அது உன் பேத்தி குரல்னு தெரிஞ்சுதாக்கா உனக்கு? இல்ல, டிவின்னே நம்பிட்டியா?

இப்ப பாட்டு வெளிய வந்திருச்சு. அங்க ரேடியோல போடறாங்களாம். நதாலியோட அம்மா, உன் மவ ஸ்டெல்லா, போன்ல எனக்கு வரிவரியா அர்த்தம் சொன்னா. அது சாவுப் பாட்டே இல்லக்கா. உன் கை மீன் வாசம் என் சட்டையில ஒட்டினு கீது, துவைக்க மனசு வரல, நான் வர்ற வரைக்கும் கதவைச் சாத்தாதேன்னு பாடறா. கடைசியில ஒரே ஒரு தமிழ் வார்த்தை. "ஆயா"ன்னு கூப்புடறா. கூப்ட்டு நிறுத்திடறா. நீ "இன்னா கண்ணு"ன்னு சொல்றதுக்கு இடம் விட்ட மாதிரி.

அது வரதுக்குள்ள அணைச்சிட்டான் பாவி.

இப்ப வேலைக்குப் போற ரயில்ல அதையே காதுல மாட்டிகினு அழறானாம். "அவரு பயத்துலதான் அப்படிப் பண்ணாரு சித்தி"ன்னு ஜோஸ்பின் வக்காலத்து வாங்கறா. அழட்டும். நான் கண்ணைத் தொடச்சிவிடப் போறதில்ல.

கல்லறைத் திருநாள் வருதுக்கா. மெழுகுவத்தி ஏத்திட்டு, ஜோஸ்பின் போனை உன் தலமாட்டுல வெச்சு, அந்த "ஆயா" வர வரைக்கும் போடுவேன். இது சத்தியம். இப்ப யாரு தடுப்பா? செத்தவளுக்கு ஒப்பாரி போடலாம்ல?

குப்பம்மாவை விட்டுட்டேன். அவ வாயி அப்படி. ஜோஸ்பின் மேல தப்பில்ல. பயந்தவனைக்கூட மன்னிக்கலாம். ஆனா நம்ம பாட்டான்னு நீயே வாயத் தொறந்து கேட்டப்ப, டிவின்னு சொன்னான் பாரு. அதுக்கு, உன் வயித்துல பொறந்தவனா இருந்தாலும், அந்தோணியை நான் மன்னிக்க மாட்டேன்.

உன் கூடப் பொறந்தவ,
லூர்து