புற்றுக்குள் கவிழ்த்த மஞ்சள் தண்ணீர்

கார்த்திகை 7, வெள்ளி

விடாத தூறல். ஆத்தூர் வெற்றிலை வண்டி வரவில்லை. அடுக்குகிற வேலை இல்லை. துணி எதுவும் காயவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அணைக்கரைப் புற்றுக்கு என்னை அனுப்பினாள். ஒரு குடம் மஞ்சள் தண்ணீர், கெட்டியாகக் கரைத்தது. புற்றைச் சுற்றி மூன்று முறை தெளிக்க வேண்டும். ஒரு சுற்றுகூட முடியவில்லை, கரைமேல் பைக்கில் இரண்டு பேர். ஒருவன் ஒன்பதாவது வரை என்னோடு படித்தவன்.

"ஏளா, பாம்புக்கு மட்டுந்தானா? எங்களுக்குக் கெடயாதா?"

முகமெல்லாம் எரிந்தது. குடத்தைப் புற்றின் குழிக்குள் அப்படியே கவிழ்த்துவிட்டு வந்துவிட்டேன். குழிக்குள் ஊற்றவே கூடாது. ஆனால் குழி நிறையவும் இல்லை, வழியவும் இல்லை. ஒரு குடமும் எங்கே போனது?

அம்மாவிடம் மூன்று சுற்று என்றேன்.

அதே நாள், சாயங்காலம்

கரையடியில், எங்கள் தெருவுக்குப் பின்னால், எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கசியும். வாத்துகள் கிடக்கும். இப்போது அது மஞ்சளாக வருகிறது!

தெரு சனமே அங்கேதான். சூடம், குலவை. "அம்மன் எறங்கி வந்துட்டா." அம்மா ஓடினாள். முழங்கால் வலி எங்கே போனதோ. ஒரு சொம்பில் பிடித்து வந்து என் நெற்றியில் தடவினாள். அழுதாள்.

வாசனை பார்த்தேன். மஞ்சள் வாசனையா, சேற்று வாசனையா, தெரியவில்லை.

8, சனி

மழை இல்லை. அணை நிறைந்து கிடக்கிறது, காற்றுக்கு அலை அடிக்கிறது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

அணை இன்ஜினியர் வந்தார். உள்ளங்கையில் அந்தத் தண்ணீரை ஏந்திப் பார்த்தார். மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யுமாம், தெளிவாக வந்தால் பயமில்லையாம். "நிறம் மாறி வருது. உள்ள இருக்கிற மண்ணை அரிச்சுக்கிட்டு வருது. மடையை முழுசாத் திறங்க." எங்கள் தெரு முழுக்க வீட்டைக் காலி செய்து பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டுமாம்.

மடை திறக்கிற அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். "நட்டு பத்து நாளு ஆவல சார். இந்தத் தண்ணி கடலுக்குப் போச்சுன்னா நெல்லுக்கு என்ன பண்ணுவோம்?"

அம்மா: "அம்மன் வந்துருக்கா. இந்த எடத்த விட்டு எங்கன போவச் சொல்லுதீய?"

ஒருத்தரும் வீட்டைக் காலி செய்யவில்லை. மடை மட்டும் திறந்தாகிவிட்டது. தண்ணீர் போகிற சத்தம் அடுப்படி வரை கேட்கிறது.

அது என் மஞ்சள்தானா? அப்படியென்றால் தண்ணீர் மண்ணை அரிக்கவில்லை. நான் சொன்னால் மடையை அடைத்துவிடுவார்கள், தண்ணீர் மிஞ்சும். ஆனால் மஞ்சளோடு மண்ணும் வந்திருந்தால்? அடைத்த பிறகு கரை உடைந்தால்? முதலில் எங்கள் வீடு.

அம்மனே என் குடத்துத் தண்ணீரை வாங்கிக் கீழே தந்திருந்தால்? அதுவும் தெரியவில்லை.

சோப்பு வாங்க வேண்டும்.

9, ஞாயிறு

காலையில் சொல்லிவிட்டேன். அம்மா தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"குழிக்குள்ளயாளா ஊத்துன? பாம்பு இருக்குமே, பாவி!"

கரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தோசை கருகியது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். இன்ஜினியர் முன்னால் என்னை நிறுத்தினாள். எல்லாரும் பார்த்தார்கள். தரையைப் பார்த்தேன்.

"நாந்தான் சார் ஊத்துனேன்" என்றாள் அம்மா. "ஒரு குடம் மஞ்சத்தண்ணி. குழிக்குள்ள."

பெண்கள் கூட்டத்திலிருந்து ஒருத்தி, "அப்ப முந்தாநாளு எதுக்குளா அந்த அழுக அழுத?"

இன்ஜினியர் திட்டவில்லை. புற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். "இப்ப வேற நிறத்துல ஊத்துங்க."

குங்குமம் கரைத்தோம். அம்மா ஊற்றினாள், வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே. அதே போல நிறையாமல் உள்ளே போனது. கரையடியில் எல்லாரும் காத்திருந்தோம். வெயில் ஏறியது. வரக் கூடாது என்று வேண்டினேன். வராவிட்டால் அந்த மஞ்சள் என்ன என்று யோசித்து, வரட்டும் என்றும் வேண்டினேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சிவப்பாக வந்தது.

குலவை எழும்பியது. "இப்ப செவப்புல வாராடீ!" இன்ஜினியர் அண்ணாச்சியிடம் மெதுவாகச் சொன்னார்: "மண்ணு இன்னும் வரல. ஆனா மேலருந்து கீழ வரைக்கும் ஓட்டை. தண்ணி அந்த ஓட்டையப் பிடிச்சா கரை நிக்காது. மடை திறந்தே இருக்கட்டும். புத்தைத் தோண்டி களிமண் அடைக்கணும்." அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போ நான் சொன்னதால் என்ன ஆனது? தண்ணீரும் மிஞ்சவில்லை. அம்மன் போனாளா, இருக்கிறாளா? யாரிடம் கேட்பது?

அம்மா குலவை போடவில்லை. குனிந்து, சிவப்புத் தண்ணீரில் விரலை நனைத்து என் நெற்றியில் வைத்தாள். அப்புறம் தெருப்பக்கம் திரும்பி நடந்தாள்.

"வா. அரிசி டின்ன நீ எடு. பாய நான் எடுத்துக்கிடுதேன்."