வேற ஊர்த் தட்டு

பாப்பா,

உங்கப்பா தவறிப் போனப்போ நீ வராததைப் பத்தி இதுல ஒரு வார்த்தை எழுத மாட்டேன். பயப்படாம முழுசாப் படி.

மியூசியத்துல இந்த வாரம் ஒரு அஸ்ட்ரோலேப்பைச் சுத்தம் பண்றேன். பித்தளை வட்டு. கடிகாரம் இல்லாத காலத்துல நட்சத்திரம் எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு இதால அளந்துதான் மணி பார்த்தாங்க. ஊருக்கு ஊர் வானம் மாறுமே, அதனால ஒவ்வொரு ஊருக்கும் தனித் தட்டு உள்ளே அடுக்கியிருக்கு. எந்த ஊர்ல இருக்கோமோ அந்தத் தட்டை மேலே வெச்சுக்கணும்.

இதை வெச்சிருந்தவர் வாழ்ந்த ஊர்த் தட்டு புதுசாப் பளபளன்னு இருக்கு. அவர் கால் வைக்காத ஏதோ தூர ஊரோட தட்டுதான் தேய்ஞ்சு கிடக்கு. "ஆயுசு பூரா தப்பா மணி பார்த்திருக்கான் மடையன்"னு எங்க மேடம் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன்.

வீட்டுக்கு வந்து அப்பா அலமாரியை ஒழிச்சேன். சட்டைங்களுக்கு நடுவுல அவர் வாட்ச் ஓடிக்கிட்டே இருந்தது. நீ வீட்டை விட்டு வெளிநாடு போனதிலேர்ந்தே அது தப்பு மணிதான் காட்டும். நான் திருத்தி வெப்பேன், மறுநாளே பழையபடி ஆயிடும். "ஓட்டை வாட்ச், தூக்கிப் போடுங்க"ன்னு கத்துவேன். எழுந்து போயிடுவார். உன் பேச்சை எடுத்தாலும் அப்படித்தான்.

இன்னிக்குத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பாப்பா. அது உன் ஊர் மணி.

இப்போ நான் அதைக் கட்டியிருக்கேன். திருத்தலை.

நீ தூங்கிட்டிருப்பே. தூங்கு.

அம்மா