கப்பல் சமையல்காரர் மேல் நான் போட்ட பெட்டிஷன்

உ

அல்சூர், பெங்களூர்
15-3-98, ஞாயிறு

அன்புள்ள ஹரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் கடல் காற்றில் சளி பிடிக்காமல் நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். டர்பனில் இருந்து நீ போட்ட கார்டு வந்தது. கிருத்திகாவுக்குப் பரீட்சை நெருங்கிவிட்டது, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்க்கிறாள், கேட்டால் இரண்டும் மண்டையில் ஏறுகிறது என்கிறாள். அம்மாவின் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் நீ அனுப்பிய சிங்கப்பூர் தைலத்தைத் தேய்த்துவிட்டுப் பாதி போய்விட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தத் தைலத்தைக் கொண்டுவந்து கொடுத்தவரைப் பற்றித்தான் எழுத வேண்டும். நாலு நாளாகப் பேனாவை எடுப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். பெற்ற பிள்ளைக்கு எழுத இவ்வளவு வெட்கமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அக்டோபரில் நீ எழுதிய கடிதம் ஞாபகம் இருக்கிறதா. கப்பலில் சைவம் என்றாலே சமையல்காரருக்குப் புரியவில்லை, மாட்டுக்கறி கிளறிய கரண்டியாலேயே பருப்பையும் கிளறுகிறார், நான் வெறும் சோற்றில் ஊறுகாயைப் பிசைந்து காலம் தள்ளுகிறேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த நாளில் இருந்து ஒரு வாரம் உன் அம்மா ராத்திரிச் சாப்பாட்டை மோரோடு நிறுத்திக்கொண்டாள். என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, முப்பத்திரண்டு வருஷம் பேக்டரியில் டைப் அடித்தவன், பஸ் நிற்காவிட்டால் பெட்டிஷன், பால் பாக்கெட் ஒழுகினால் பெட்டிஷன், தெருவிளக்குக்கு மட்டும் ஏழு பெட்டிஷன். மிஷினை எடுத்து வைத்து பம்பாயில் இருக்கும் உன் கம்பெனிக்கு மூன்று பக்கம் அடித்தேன். உன் ஒப்புதல் கேட்கவில்லை, உனக்குச் சொல்லவும் இல்லை, சொன்னால் வேண்டாம் என்பாய் என்று தெரியும். சைவம் அசைவம் தெரியாத ஒரு மனிதரிடம் இருபத்திரண்டு பேர் வயிற்றை ஒப்படைத்திருப்பது நிர்வாகத்தின் அலட்சியம் என்று இங்கிலீஷில் அழகாக ஒரு வாக்கியம் வந்தது, அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லையே தவிர எனக்கு நானே இரண்டு தடவை வாசித்துக்கொண்டேன். பதில் ஒன்றும் வராததால் நானும் மறந்துவிட்டேன்.

போன திங்கட்கிழமை சாயங்காலம் அவர் வந்தார். ரெமிஜியஸ் என்று பெயர் சொல்லி, ஹரி தம்பி கொடுத்தனுப்பினது என்று தைலப் பொட்டலத்தை நீட்டினார். காக்ஸ் டவுனில்தான் வீடாம், இங்கிருந்து நடக்கிற தூரம். நீ சமையல்காரர் என்று மட்டும் எழுதுவாய், பெயரை எழுதினதில்லை, அதனால் உன் கப்பலில் கூட வேலை செய்தவர் என்று மட்டும் நினைத்து உட்காரச் சொன்னேன். அம்மா அடை வார்த்தாள், வெல்லத்தோடு நாலு சாப்பிட்டார். சாப்பிட்டபடியே கப்பல் சாப்பாட்டைச் சொல்ல ஆரம்பித்ததும்தான் இவர்தான் அவர் என்று எனக்கு உறைத்தது. அம்மா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஐந்தரைக்கே ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடுமாமே, நாம் காபி குடித்த வாய் காய்வதற்குள். பிலிப்பைன்ஸ் பையன்களுக்குக் காலையிலேயே சோறும் வறுத்த மீனும் வேண்டுமாம், போலந்துக் கேப்டன் வேர்த்து ஊற்றுகிற வெயிலிலும் சூப் இல்லாமல் உட்கார மாட்டாராம். கடல் ஆடினால் தட்டு வழுக்காமல் இருக்க மேஜை விரிப்பை நனைத்து விரிப்பாராம், சோற்றுப் பானையைக் கம்பியால் அடுப்போடு கட்டுவாராம், சாம்பாரைப் பாதிப் பாத்திரத்துக்கு மேல் வைக்க மாட்டாராம். அந்தச் சாம்பார் யாருக்கு என்று அம்மா கேட்டாள். ஹரி தம்பிக்குத்தாம்மா, அதுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, வேற யாரும் எடுத்துடக் கூடாதுன்னு காம்புல சிவப்புத் துணி சுத்தி வச்சிருந்தேன், டர்பன்ல நம்ம தமிழ் ஆளுங்க கடையில தேடிப் புளி வாங்குவேன் என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கையில் இருந்த அடையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

லீவு எத்தனை நாள் என்று அம்மாதான் கேட்டாள். லீவு இல்லம்மா, வேலை போயிடுச்சு என்றார். பத்தொன்பது வருஷம் அதே கம்பெனி. கப்பலில் இருக்கிற யாரோ ஒரு இந்தியப் பையனின் வீட்டில் இருந்து புகார் போயிருக்கிறது, யார் என்று கம்பெனி சொல்லவில்லை, ஒப்பந்தம் முடியும் முன்பே சிங்கப்பூரில் இறக்கிவிட்டார்கள். கேப்டனே கையைப் பிடித்து வருத்தப்பட்டாராம். நீ இறங்குபடி வரைக்கும் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாயாம். யார் போட்ட புகார் என்று அப்போது உனக்கும் தெரிந்திருக்காது. வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன். அங்கே அவர் குரலைத் தாழ்த்தி, மூணாவது மாசத்துல இருந்து தம்பியே எனக்குத் தனிச் சட்டி வேணாம், எல்லாருக்கும் போடறதையே போடுங்கன்னுச்சு சார், என் மீன் குழம்புன்னா ரெண்டு தடவை வாங்கும், அம்மாகிட்ட சொல்லிடாதீங்க என்று சிரித்தார். எனக்கும் சிரித்துத் தொலைக்க வேண்டியதாயிற்று. நீ மீன் சாப்பிடுவதில் எனக்கு வருத்தமே இல்லை என்றால் அது பொய். வருத்தம் இருந்தது, ஒரு நாள் இருந்தது. அக்டோபர் உனக்கு அங்கே ஐந்தாவது மாசம் என்று கணக்குப் போட்டதும் அந்த வருத்தம் இருந்த இடம் தெரியவில்லை. பிள்ளை சைவத்தை விடவில்லை என்று அம்மா சந்தோஷப்படட்டும் என நீ பட்டினிக் கதை எழுதினாய், அதை நான் மூன்று பக்கமாக அடித்து ஒரு மனிதரின் அடுப்பை அணைத்துவிட்டேன். பீரோவில் இருந்து கார்பன் காப்பியை எடுத்துப் படித்தேன், அந்த அழகான வாக்கியத்தைப் படித்ததும் உடம்பு கூசியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காக்ஸ் டவுனுக்கு நடந்தே போனேன். சர்ச்சுக்குப் பின்னால் சின்ன வீடு. தவக்காலமாம், வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டிலும் கறி மீன் இல்லை, பருப்பும் முருங்கைக்கீரையும்தான், நீங்க தாராளமா சாப்பிடலாம் என்று அவர் மனைவி சரளா தட்டு வைத்தார்கள். சாப்பிட்ட பிறகு சொன்னால் அது துரோகம் என்று பட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் புகாரை எழுதியது நான்தான் என்று சொன்னேன். சரளா கரண்டியைத் திரும்பப் பாத்திரத்தில் போட்டார்கள். ரெமிஜியஸ் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஹரி தம்பியா சார் அப்படிச் சொல்லுச்சு?"

இல்லை, அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானாகக் கற்பனை பண்ணி எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் காப்பாற்ற வேண்டும் என்று திட்டம் போட்டுச் சொல்லவில்லை ஹரி, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு மாதிரி சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் பெரிதாக மூச்சு விட்டார்.

"அப்படின்னா சரி சார். நீங்க என்னைப் பார்த்ததில்ல, எழுதிட்டீங்க. தம்பி என் கையால சாப்பிட்ட பிள்ளை."

அதற்குப் பிறகு அவரே எனக்குச் சோறு போட்டார். சரளா மட்டும், இந்த வயசுல இவரை எந்தக் கப்பல் சார் ஏத்தும் என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன், ருசி ஒன்றும் தெரியவில்லை.

நேற்றுக் கம்பெனிக்கு ரிஜிஸ்டர் தபாலில் இன்னொரு கடிதம் அனுப்பிவிட்டேன். முதல் கடிதத்தில் எழுதியது எதுவும் உண்மை இல்லை, தவறு முழுவதும் என்னுடையது, அவரைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை அழகாக எழுத முயற்சி பண்ணவில்லை. நீயும் கேப்டனிடம் போய் இத்தனை மாசம் அவர் கையால் என்ன சாப்பிட்டாய் என்று உள்ளபடி சொல், மற்றவர்களும் கையெழுத்துப் போட்டால் நல்லது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. உன் அப்பா ஆதாரம் இல்லாமல் பெட்டிஷன் போடுகிற ஆள் இல்லையே. உன் அக்டோபர் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து, கரண்டி பற்றிய வரிகளுக்குக் கீழே கோடு போட்டு, இங்கிலீஷில் பெயர்த்து, அந்த முதல் புகாரோடு சேர்த்து அனுப்பியிருந்தேன். அது கம்பெனி பைலில் உன் கையெழுத்தோடு இருக்கிறது. என் இரண்டாவது கடிதத்தைப் படித்து அவரை விசாரிக்கக் கூப்பிட்டால் அந்தப் பைலைத்தான் மேஜை மேல் விரிப்பார்கள். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. மீன் விஷயத்தை அவளிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், பொய் மட்டும் எழுதாதே. தலையில் எண்ணெய் வை, இஞ்சின் ரூமில் இருந்து வேர்வையோடு வந்து பச்சைத் தண்ணீரில் குளிக்காதே. நீ எங்கே இருந்தாலும் பசிக்கு அன்னமும் பக்கத்தில் நல்ல மனிதர்களும் கிடைக்கும்படி முருகனை வேண்டிக்கொள்கிறேன். ரெமிஜியஸுடைய விலாசத்தைக் கவரின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எனக்குப் பதில் மெதுவாகப் போடு. பம்பாயில் அவர் உன் கையெழுத்தைப் பார்ப்பதற்கு முன்னால், நான்தான் அப்படி எழுதினேன் என்று நீயே அவருக்கு எழுதிவிடு.

இப்படிக்கு
உன் அப்பா
சிவசங்கரன்