சிவப்புப் பொத்தான்

3 நவ., திங்கள். மழை விட்டிருக்கிறது.

எழுந்ததும் முதல் வேலையாகச் செருப்பில் ஒட்டிய கரிசலைக் குச்சியால் சுரண்டினேன். பாதிதான் வந்தது. மீதியோடு பஸ் ஏறினேன்.

கிளம்பும்போது அம்மா, வழக்கம்போல்: "ஏட்டி, மொகத்துக்குக் கொஞ்சம் பவுடரத் தீட்டிட்டுப் போ." உதட்டோரம், இடது கன்னம், கழுத்து. வெண்திட்டு. போட்டாலும் தெரியும், போடாவிட்டாலும் தெரியும்.

பல்கலைக்கழக வளாகத்துக்குப் புதுத் தொலைபேசி வந்துவிட்டது. மேசைக்கு மேசை இருந்த கருப்பு போனை எல்லாம் எடுத்தாயிற்று. பேச்சு, செய்தி, கூட்டம் எல்லாம் இனி கணினியில். வெளி அழைப்பெல்லாம் என் போர்டுக்கு வந்து நான் இணைத்துக் கொடுப்பது இந்த மாதத்தோடு சரி. எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கும் வேலையும் எனக்குத்தான். "போன்னா கோமதிதான" என்று து.ப. என்னையே பயிற்சிக்கு அனுப்பினார். (துணைப் பதிவாளரை எழுத்தில் மட்டும் து.ப.)

அதற்குப் பிறகு எனக்கு என்ன வேலை என்று கேட்டேன். பார்த்துக்கொள்ளலாம் என்றார். முன்வாசலில் விசாரணை மேசை காலியாக இருக்கிறது. அது கிடைத்தால் போதும். இல்லையென்றால் வீடு. என்னுடையது வருடா வருடம் நீட்டிக்கும் வேலை.

இன்று முடித்தவை:
– கணக்குப் பிரிவு. கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டிவிட்டார்கள்.
– நூலகர். ஒன்றும் கேட்கவில்லை என்றார். ஹெட்செட்டைக் கழுத்தில் போட்டிருந்தார்.
– கண்காணிப்பாளர் சுப்புராஜ் அண்ணாச்சி. பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் ஆள் இருக்கையில் இருக்கிறார் என்று ஊருக்கே தெரியும் என்றேன். டீக்குப் போனால்? மஞ்சளாகிவிடும். "பொண்டாட்டிய விட மோசமால்லா இருக்கு கோமதி."

4, செவ்வாய். வெயில். மண் காய்ந்து பாளம்.

இன்று படம் ஏற்றும் நாள். அவரவர் முகம் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் வரும். எழுத்தர் ஜெயராணி மூன்று தடவை சேலை மடிப்பைச் சரிசெய்து எடுத்துக்கொண்டாள். என் முறை வந்ததும் து.ப. உனக்குப் படம் வேண்டாம்மா, பூ ஏதாவது போட்டுக்கொள் என்றார். பருத்திப் பூ போட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது.

மதியம் ஜெயராணிக்குக் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. அலுவலகத்தில் தொடமாட்டாள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று டப்பாவோடு வீட்டுக்குக் கொண்டுபோவாள். மறுநாள் பளபளவென்று கழுவித் தருவாள். எத்தனையோ வருடப் பழக்கம்.

மின்கட்டணம் கட்ட வேண்டும். அம்மாவுக்கு இருமல் மருந்து.

5, புதன். மேகம் கூடிக் கலைந்தது.

து.ப.வுக்குப் பயிற்சி. அவர் அறையில் சொல்லிக்கொடுத்துவிட்டு, என் அறைக்கு வந்து சோதனைக்கு அழைத்துப் பேசினேன். பேசி முடித்ததும் திரையில் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். தெரியும் தெரியும் என்றார். சரிம்மா என்றார். ஹெட்செட்டைக் கழற்றி எதிலோ மாட்டும் சத்தம். பழைய ரிசீவரை வைப்பது போல. அதோடு லைன் போய்விட்டது என்று நினைத்திருப்பார்.

போகவில்லை. நானும் துண்டிக்கவில்லை. மேலே உள்ளவர் வைக்கும்வரை நாம் வைக்கக்கூடாது. போர்டில் உட்கார்ந்த முதல் நாள் படித்தது. காத்திருந்தேன்.

சுப்புராஜ் அண்ணாச்சி உள்ளே வந்து, விசாரணை மேசையைக் கோமதிக்கே கொடுத்துவிடலாமே என்று கேட்டார்.

"அண்ணாச்சி, வாசல்ல நொழையுதவன் மொத மொத பாக்குத மொகம் அதுவா இருக்கணும்? கொரலு நல்ல கொரலு. ஒண்ண அழுத்து, ரெண்ட அழுத்துன்னு அத மட்டும் பதிஞ்சு வச்சுக்கிடுவோம். மாசக் கடைசில வேலை முடிஞ்சுதுன்னு ஆர்டரக் குடுத்துரலாம்."

அங்கே ஜெயராணியும் இருந்திருக்கிறாள். நீ அவளோடுதானே சாப்பிடுகிறாய் என்று து.ப. கேட்டார்.

"சாப்பிடுததா? வாங்கிக்கிடுவேன் சார். வீட்ல போயி நாய்க்கு ஊத்திட்டு டப்பாவக் கழுவிக் குடுத்துருதேன்."

சிரித்தார்கள். அண்ணாச்சியும். கொஞ்சம் தாமதமாக.

வேலையில் சேர்ந்த பிறகு முதல் தடவையாக நானே முதலில் துண்டித்தேன்.

மாலைக் குறிப்பேட்டில் எழுதியது: சோதனை அழைப்பு, ஒலி மிகத் தெளிவு.

6, வியாழன். தூறல்.

நேற்றைய டப்பா வந்தது. கழுவி, துடைத்து. நன்றி சொன்னேன். "கொழம்பு சூப்பர்க்கா, சின்னவன் வழிச்சு நக்கிட்டான்."

இன்றைய குழம்பில் காலையில் இரண்டு கரண்டி மிளகாய்த்தூள் கூடப் போட்டிருந்தேன். பிறகு அந்த நாய் ஞாபகம் வந்தது. அது எனக்கு என்ன செய்தது? அவ்வளவையும் சாக்கடையில் ஊற்றிவிட்டு, கடையில் தயிர்ச்சோறு.

மதியம் என் குரலைப் பதிந்தார்கள். வணக்கம், தேர்வுப் பிரிவுக்கு ஒன்று, சேர்க்கைக்கு இரண்டு. து.ப. பக்கத்திலேயே நின்றார். "சிரிச்ச மாதிரி சொல்லும்மா." சிரித்தபடி சொன்னேன். மூன்றாவது தடவை திருப்தி.

நாளை பதினோரு மணிக்குப் புதுத் தொலைபேசியில் முதல் கூட்டம். துணைவேந்தர் தலைமை வளாகத்திலிருந்து. இங்கே து.ப., அண்ணாச்சி, குறிப்பு எடுக்க ஜெயராணி. மூவரும் அவரவர் மேசையில், கூப்பிட்டால் கேட்கும் தூரம். துணைவேந்தருக்கும் நிறுத்தத் தெரியாது. நேற்றைய ஒத்திகையில் பேசி முடித்த பிறகும் ஸ்பீக்கரை அப்படியே விட்டுவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார். உதவியாளர் வந்துதான் நிறுத்தினார். அதுவரை இங்கே இருமினாலும் அங்கே கேட்டிருக்கும்.

இவ்வளவு வருடம் போர்டில் இருந்தவளுக்குத் தெரியும், அவர் போனை வைத்த மறுநிமிடம் து.ப. அவரைப் பற்றி என்ன சொல்வார், அதற்கு ஜெயராணி எப்படித் தாளம் போடுவாள் என்று.

மாலை து.ப. கூப்பிட்டார். முடிந்ததும் எதை அழுத்த வேண்டும், மறந்துபோச்சு என்றார். காலையில் வந்து எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அண்ணாச்சிக்கு மட்டும் அந்தப் பொத்தானைக் காட்டலாமா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். எனக்காகக் கேட்டவர். ஆனால் சிரித்தாரே.

ஒன்றையும் அழுத்த வேண்டாம், கழற்றி மாட்டினால் போதும், தானாக நின்றுவிடும். நாளை மூவருக்கும் இதைத்தான் சொல்லப்போகிறேன்.