கூப்பிட ஆள் வரணும்

11-9-96, புதன்

இன்று மானம் போய்விட்டது.

எட்டாம் வகுப்போடு நின்றதிலிருந்து தறிக்குடோனில் தார் சுற்றுகிறேன். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் கட்டையில் நூல் ஏற்றுகிற வேலை. எல்லாத் தறியும் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே மட்டும் நான் பாடுவேன். வாயை நன்றாகத் திறந்து, தொண்டை நரம்பு புடைக்க. வீட்டில் முணுமுணுக்கக்கூட வெட்கம்.

இன்று பாதிப் பாட்டில் கரண்ட் போய்விட்டது. தறிகள் மொத்தமாக நின்றன. என் குரல் மட்டும் நிற்கவில்லை. திரும்பினால் அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள். தறி ஓட்டுகிற செங்கோடண்ணன், "கரண்டே இல்லாம ரேடியோ பாடுது பாருங்க!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னல் ஓரமாக முதலாளி சம்சாரம் கோமளாக்கா நின்றிருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

நாளைக்கு எந்த முகத்தோடு போவேன்?

14-9-96

கோமளாக்கா கூப்பிட்டு அனுப்பினார். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருக்கிறவர். ஆயுத பூசைக்கு ஒரு நாடகம் போடுகிறாராம். யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்களாம், ஆரம்பம் முதல் முடிவு வரை பாட்டுத்தானாம்.

"தண்ணி வேணும்னாங்க்கா?"

"பாடித்தான் கேக்கோணும் அம்மிணி."

கதை அமெரிக்காவில் அந்தக் காலத்தில் நடந்தது. ஆளை ஆடு மாடு மாதிரி விலைக்கு வாங்கி வைத்திருந்தார்கள். அதில் ஒருத்தி தப்பித்து, காடும் ஆறும் தாண்டி, அடிமை இல்லாத ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். பிறகு திரும்பத் திரும்ப வந்து மற்றவர்களையும் கூட்டிப் போனாள். நிஜமாகவே அப்படிச் சில பேர் இருந்தார்களாம். அக்கா தன் நாடகத்தில் அவளுக்குச் செல்லாத்தாள் என்று பேர் வைத்திருக்கிறார்.

என்னால் முடியாது என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. அக்கா சரி என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டில் சொன்னதும் அப்பா அடுப்படியைப் பார்த்து, "ராசாத்தா... சோறு வெந்துதா..." என்று இழுத்துப் பாடினார். அம்மா கரண்டியோடு வெளியே வந்து, "வெகலீங்க... வெகலீங்க..." என்று அதே ராகத்தில் சொன்னாள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு.

22-9-96

எதிர்வீட்டு பங்காரம்மா, மகள் கல்யாணத்துக்கு ஜமக்காளம் எடுக்கப் பவானி போயிருந்தாள். அங்கே கட்டிக் கொடுத்திருக்கிற எங்கள் மயிலக்காவைப் பார்த்தாளாம்.

அக்காவுக்கு ஆடி மாதம் கலைந்துவிட்டதாம். மூணு மாசமாம். அடுத்த வாரமே தறியில உக்கார வெச்சுட்டாங்களாம். கையெல்லாம் குச்சியா இருக்குதாம். நமக்கு ஒரு வார்த்தை சொல்லல. ஆரு சொல்லுவா?

பங்காரம்மாவிடம் அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதானாம். "எங்கப்பாவுக்கு முட்டி வலி தேவலைங்களா?"

அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். காலையில்தான் காட்டியிருந்தார்.

23-9-96

தூக்கம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

கட்டிக் கொடுத்த பெண் தானாக வரக்கூடாது. பொங்கல், தீபாவளி என்று நோம்பிக்கு நோம்பி பிறந்த வீட்டிலிருந்து ஆள் போய்க் கூப்பிட்டு வரவேண்டும். எங்களுக்கு அண்ணன் தம்பி இல்லை. முந்தின வருசம் தீபாவளி நோம்பிக்கு அப்பாதான் போனார். அக்காவின் மாமியார் பழனியாத்தாள் இலை போட்டு உட்காரவைத்து, பத்துப் பேருக்கு முன்னால், "ஒறம்பரைன்னா வந்தமா, தின்னமான்னு போகோணும். பொண்ணக் கேக்கப்படாது" என்றாளாம். அப்பா இலையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். இனி அந்த வாசல்படி மிதிக்க மாட்டேன் என்றார். மிதிக்கவில்லை.

அப்பாவின் ரோசம் சரிதான். ஆனால் படிக்கு அந்தப் பக்கம் இருப்பது அக்கா அல்லவா?

29-9-96

எனக்கு வேசம் கொடுத்துவிட்டார்கள். செல்லாத்தாளின் தங்கை. செல்லாத்தாள் திரும்பி வந்து கை நீட்டிக் கூப்பிடுகிறாள். தங்கை பயந்துகொண்டு, "நான் வரலே, நீ போ, விடியறதுக்குள்ள நீ போ" என்று பாட வேண்டும். அவ்வளவுதான். "தலை குனிஞ்சுட்டே பாடலாம், உனக்குன்னே எழுதுன மாதிரி இருக்குது" என்றார் கோமளாக்கா.

எனக்கு ஒரு சந்தேகம். வாயை விட்டுக் கேட்டுவிட்டேன்.

"தப்பிச்சவ எதுக்குங்க்கா திரும்பிப் போனா? புடிச்சா கொன்னுபோடுவாங்கல்ல?"

கோமளாக்கா சுருதிப்பெட்டியை மூடினார். "போய்க் கூப்பிடாட்டி ஆரு வருவாங்க சொல்லு."

வரும் வழியெல்லாம் அதே.

6-10-96

தறி ஓடும்போது பாட்டு வருகிறது. தறி நின்றால் வர மாட்டேன் என்கிறது.

13-10-96

குடோனில் எல்லோரும் நாடகக்காரர்கள் ஆகிவிட்டார்கள். செங்கோடண்ணன், "தாரு தீந்து போச்சே... தெய்வானை..." என்று கை நீட்டிப் பாடுகிறார். நான் கொண்டுபோய் வைத்தால், "பாடிக் குடுத்தாத்தான் வாங்குவேன்" என்கிறார். முதலாளி சீனிவாசலு அய்யா வந்து, "வேலையப் பாருங்கப்பா" என்றார். பேச்சாகத்தான் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள்.

20-10-96, ஆயுத பூசை

தறிக்கெல்லாம் சந்தனம், பொட்டு, பொரி. சாயங்காலம் குடோன் வாசலில் மேடை. அப்பா முன்வரிசையில் உட்காரவில்லை, பின்னால் புளியமரத்தடியில் நின்றார். எனக்கு அவர் துண்டு தெரிந்தது.

என் கட்டம் வந்தது. செல்லாத்தாள் வேசம் போட்ட, கோமளாக்கா பள்ளிக்கூடத்து இன்னொரு டீச்சர் கையை நீட்டி, "வாடி என் கண்ணே, வாசல் திறந்திருக்குது" என்று பாடினார். நான் வரமாட்டேன் என்று பாட வேண்டும்.

என்ன ஆச்சு என்று இப்போதும் தெரியவில்லை. அந்தக் கையைப் பார்த்தேன். எந்திரிச்சேன். கையைப் பிடிச்சுட்டுப் போயிட்டேன்.

டீச்சர் திகைத்து என்னைப் பார்க்கிறார், ஆர்மோனியக்காரர் நிறுத்திவிட்டார், நான் திரைக்குப் பின்னாலேயே போய்ச் சேர்ந்தாச்சு. அடுத்த கட்டத்தில் செல்லாத்தாள் தங்கையை நினைத்து அழ வேண்டும். தங்கைதான் கூட வந்துவிட்டாளே! டீச்சர் எதையோ நினைத்து அழுது முடித்தார். ஜனம் விசில் அடித்தது.

கோமளாக்கா காதைத் திருகினார். "என்ற கதையவே மாத்திப்போட்டியே புள்ள!" அப்புறம், திருகின காதைத் தடவிவிட்டு, "அவ வந்திருந்தாத்தான் என்னவாம்" என்றார்.

அப்பாவோடு நடந்து வந்தேன். வீட்டு வாசலில், "இருட்டா இருக்குது, பாத்து வா" என்றார்.

27-10-96, ஞாயிறு

பவானி போய் வந்தேன். தனியாக. அப்பாவுக்குத் தெரியாமல். அம்மாவிடம் சொன்னேன், அவள் முறுக்குச் சுட்டுக் கட்டிக் கொடுத்தாள்.

பஸ்சில் ஊர் பேர் சொல்ல மூன்று தடவை வாய் திறந்தேன். "அம்மிணி, அடுத்த ஸ்டாப்புக்குள்ளயாச்சும் சொல்லிரு" என்றார் கண்டக்டர்.

வீட்டுக்குள் அக்கா குழித்தறியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நெய்வதை நிறுத்தவில்லை. கண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருந்தது. மாமியார் கயிற்றுக் கட்டிலில் இருந்தபடி, "ஏன், உங்கூட்டுல ஆம்பளை ஆருமில்லையா? பாவாடை தாவணிய அனுப்பிச்சிருக்காங்க!" என்றாள்.

பஸ்சில் எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. முறுக்கை வைத்துவிட்டு அக்காவிடம் கையை நீட்டினேன்.

"நான் வரலே கண்ணு. நீ போ" என்றாள் அக்கா.

அவளாவது சரியாகச் சொன்னாள்.

தெரு முக்கு வரை வழியனுப்ப பாவாயி வந்தாள். அக்காவைக் கட்டிய மச்சானின் தம்பி சம்சாரம், என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். அப்பா அம்மா இல்லாதவள். "உங்கக்கா இன்னிக்கு ராத்திரி நல்லாச் சாப்பிடுவா பாரு. அனுப்பாட்டிப் போகுது, கூப்பிடன்னு ஒராளு வந்துதல்ல?" என்றாள். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

28-10-96

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். இவ்வளவு பேச்சு நான் அவரிடம் பேசியதே இல்லை. நடுவில் அழுகை வந்தது, அழுதுகொண்டே சொன்னேன்.

"அவுங்க உங்களத்தானுங்கப்பா பேசுனாங்க. அதுக்கு அக்கா என்னங்க பண்ணுவா?"

மாட்டுக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். திரித்துக்கொண்டே இருந்தார்.

2-11-96

காலையில் அப்பா முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். "கெளம்பு சாமி. பஸ் போயிரும்."

3-11-96

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

அப்பா அந்த வாசல்படியை மிதித்தார். உள்ளே போய் உட்காரவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு படியிலேயே நின்று, "பொண்ண நோம்பிக்குக் கூப்பிட வந்திருக்கறனுங்க" என்றார்.

"இனி மிதிக்க மாட்டேன்னு போன ஆளு நீங்கதானுங்களே?"

"நாந்தானுங்க. பொண்ண நோம்பிக்குக் கூப்பிட வந்திருக்கறனுங்க."

"தறியில பாவு ஏறியிருக்குது, ஆரு நெய்யறது?"

"செரிங்க. பொண்ண நோம்பிக்குக் கூப்பிட வந்திருக்கறனுங்க."

அந்தம்மாள் என்ன சொன்னாலும் அதே வார்த்தை. குரல் ஏறவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ங்க'. தெருவில் ஆள் கூடிவிட்டது. கடைசியில் மச்சான் குழித்தறியிலிருந்து எழுந்து, "ஆத்தா, போயிட்டு வரட்டும்" என்றார். கல்யாணத்தில் பார்த்ததற்கு அப்புறம் அவர் குரலை இப்போதுதான் கேட்கிறேன்.

அக்கா அசையவே இல்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "சித்த இரு புள்ள. சீலையாச்சும் மாத்தறேன்" என்றாள்.

பஸ்சில் அப்பா தோளில் சாய்ந்து தூங்கினாள். அவருக்குத் தோள் வலித்திருக்கும். ஈரோடு வரைக்கும் அசையவில்லை.

10-11-96

தீபாவளி. அக்கா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு இரண்டு இட்லி கூடக் கேட்டாள். அம்மா அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்து மூன்று வைத்தாள்.

1-12-96

மச்சான் வந்து அக்காவைக் கூட்டிப் போனார். போகும்போது அப்பாவிடம், "நோம்பிக்கெல்லாம் அனுப்பிச்சு வெக்கறனுங்க மாமா. எங்காத்தா பேசறத மனசுல வெக்காதீங்க" என்றார். அக்கா அழவில்லை. கொஞ்சம் சதை பிடித்திருக்கிறாள். "பொங்கலுக்கு நீயே வா" என்று என்னிடம் சொன்னாள்.

நேற்று வரை இரவெல்லாம் பேசியது பாதி பாவாயியைப் பற்றித்தான். தனக்குக் கலைந்தபோது கழுவித் துடைத்தது பாவாயிதான் என்றாள் அக்கா. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அந்தத் தெரு முக்கைத் தாண்டியதில்லையாம்.

8-1-97

பாவாயியையும் நோம்பிக்குக் கூப்பிடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "அதுக்கென்ன, நீயே போய்ச் சொல்லு" என்றார்.

12-1-97, ஞாயிறு

கண்டக்டரிடம் முதல் தடவையே சொல்லிவிட்டேன்.

அக்கா பையோடு தயாராக இருந்தாள். மாமியார் கட்டிலிலிருந்து, "வந்துட்டாங்க தாவணி அம்மா" என்றாள். நான், "அக்காவயும் பாவாயியவும் பொங்க நோம்பிக்குக் கூப்பிட வந்திருக்கறனுங்க" என்றேன்.

தறிகள் நின்றிருந்த நேரம். எல்லோருக்கும் கேட்டது.

"பாவாயியக் கூப்பிட நீ ஆரு அவளுக்கு?"

"கூடப் பொறந்தவளுங்க."

அப்பா மாதிரியே நின்றேன். அந்தம்மாள் என்னைப் பார்த்தாள், மச்சானைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். "போங்க, போங்க. எல்லாரும் போங்க. நான் ஒருத்தியே பொங்க வெச்சுத் தின்னுக்கறேன்" என்று வெற்றிலைப் பெட்டியைத் தேட ஆரம்பித்தாள்.

பாவாயிக்கு என்ன எடுத்து வைப்பது என்று தெரியவில்லை. எங்கேயும் போய்ப் பழக்கமில்லை அல்லவா. ஒரு சீலையை எடுப்பாள், வைப்பாள். அக்காதான் பை கட்டினாள். பஸ்சில் ஜன்னல் சீட்டைக் கொடுத்தோம். முத்தூர் தாண்டியதும் என்னை இடித்து, "உங்கூட்டுல என்னைய என்ன மொறை வெச்சுக் கூப்பிடுவாங்க?" என்றாள். நான் அதை யோசிக்கவே இல்லை.

அப்பா வாசலில் நின்றிருந்தார். அக்காவைப் பார்த்து, "வா சாமி" என்றார். பின்னால் தயங்கி நின்றவளைப் பார்த்து, அதே குரலில், "ஏங் கண்ணு, இத்தன நாளா வராமயே இருந்துபோட்ட?" என்றார்.

பாவாயி செருப்பைக் கழற்றி, எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு உள்ளே போனாள்.