காந்தத்தில் ஒட்டிய ராமர் காசு

ஆடி 6, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கடை வாசலில் சாக்கடைக்குத் தோண்டியது தோண்டியபடியே. வளையல் பெட்டிகளை மேல் தட்டுக்கு ஏற்றணும். கடைவாய்ப் பல் வலி வேறு.

கரியாலூர் சின்னப்பொண்ணு வந்தாள். மலையிலிருந்து இறங்கினால் மகளுக்கு ரிப்பனும் கிளிப்பும் என் ஃபேன்சி ஸ்டோரில்தான் வாங்குவாள். இன்று எதுவும் கேட்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை வைத்தாள். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம். மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரையணா.

"மெட்ராஸ் பார்ட்டி வந்து வாங்கிக்கும்னு சொன்னாருங்க, யாரும் வரல. நீங்களே ஆள் பாத்துக் குடுங்கக்கா."

"இது எப்படி உங்கிட்ட வந்துது?"

"இன்னாக்கா இப்படிக் கேக்கிறீங்க? உங்க அண்ணன்தான் குடுத்தாரு. நீங்க கண்ணாடி வெச்சிப் பாத்து ஒரிஜினல்னு சொன்னீங்களாம். அத நம்பித்தான இந்தக் காசுக்கு மாத்தா மாட்ட ஓட்டி வுட்டோம்."

இந்தக் காசை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்!

பழைய காசு சேர்ப்பவள் என்று என்னை ஊருக்கே தெரியும். காலணா, ஓட்டைக் காலணா, டீ குடிக்கிற செலவில் கிடைக்கும் செம்புக் காசுகள். அந்தப் பேரை அண்ணன் விற்றுவிட்டான்.

கம்பெனிக்காரன் ராமரைப் போட்டுக் காசு அடித்ததே கிடையாது. அதுவே போதும். ஆனாலும் அவள் கண்ணெதிரே எல்லாம் செய்து காட்டினேன். காந்தத்தில் பச்சக்கென்று ஒட்டியது. செம்பு ஒட்டாது. விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடு. லென்ஸில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாக. என் காலணாவைப் பக்கத்தில் வைத்தேன். எத்தனையோ கை பட்டு மேடுகள் மட்டும் தேய்ந்திருக்கின்றன, பள்ளத்தில்தான் கறுப்பு. ராமர் காசில் மேடு பள்ளமெல்லாம் ஒரே கறுப்பு. துடைத்தால் துணியில் வருகிறது. திருவிழாக் கடையில் சாவிக்கொத்துப் பக்கத்தில் தொங்கும் சாமான்.

"காந்தம் இழுத்தாத்தான் பவர் ஜாஸ்தின்னாருங்களே" என்றாள். அப்புறம், "நெசமா நீங்க பாக்கவே இல்லியா?"

"இல்ல."

நம்பினாளோ இல்லையோ. காசை எடுக்காமலே போய்விட்டாள். பிறகு வந்த இரண்டு பேரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

ஆடி 7, புதன்

வெயில். கடை அடைப்பு. வடக்கனந்தல், அண்ணன் வீடு.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். காசைச் சோற்றுத் தட்டிலேயே போட்டேன்.

"இத நான் எப்ப பாத்தேன்?"

"இன்னாத்துக்கு இப்பக் கத்திக்கினு கெடக்கிற? சாமி காசு. பூஜையில வெச்சிக்கட்டுமே. நான் இன்னா திருடினனா? அவங்களா ஆசப்பட்டாங்க."

"என் பேர ஏன்டா சொன்ன?"

அண்ணனை 'டா' போட்டது இதுதான் முதல் தடவை. வருத்தமே இல்லை.

"உன் பேரச் சொன்னாத்தான் நம்புறாங்க. பெருமப்பட்டுக்கோ."

பெருமை!

அண்ணி அடுப்படியிலிருந்து, "வுடும்மா, தெருவுக்குக் கேக்கப் போவுது" என்றாள். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். நாளைக்கு வண்டியோடு வருவேன், மாட்டைக் கொடுக்காவிட்டால் போலீஸ். சொல்லிவிட்டுத் திரும்பினேன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஆடி 8, வியாழன்

அமாவாசை. சமையல் இல்லை. குட்டியானை வண்டி பிடித்தாயிற்று.

அண்ணன் வீட்டில் இல்லை. வேண்டுமென்றேதான். நானே அவிழ்த்தேன். செவலை மாடு, கொட்டகையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்தியது. வண்டியைக் கண்ட பயம் என்று நினைத்தேன். கயிறு அறுத்து உள்ளங்கையில் தோல் உரிந்தது. அண்ணி வாசற்படியில் நின்று அழுதாள். எதிர்வீட்டுக்காரர், "இன்னாம்மா, பொறந்த வூட்லயே ஜப்தியா?" என்றார். ஆமாம் என்றேன்.

மலைப்பாதை முழுக்க மாடு கத்திக்கொண்டே வந்தது. கரியாலூரில் சின்னப்பொண்ணு சாமைக் காட்டிலிருந்து ஓடி வந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வயிற்றைத் தடவினாள். குனிந்து மடியைப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"சினையாத்தான குடுத்தோம். கன்னு எங்கக்கா?"

எனக்கு அது தெரியவே தெரியாது. அண்ணன் போன் சுவிட்ச் ஆஃப். அண்ணி எடுத்தாள்.

"ஈனி பத்து நாளாச்சிம்மா. நேத்து நீ அந்தாண்ட போன, இவரு இந்தாண்ட ஓட்டிக்கினு போய் வித்துட்டாரு."

"யாருக்கு?"

"கேட்டா அடிக்க வராரு."

நேற்று அவ்வளவு கத்தினேன். கொட்டகைப் பக்கம் ஒரு எட்டுப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. அந்தக் கோபம் என் மேலேயே.

சின்னப்பொண்ணையும் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். நேராகப் போலீஸ் ஸ்டேஷன்.

புகார் எழுதியவர் அண்ணன் பேரைக் கேட்டார். சொன்னேன். ஊர் கேட்டார். சொன்னேன்.

"தகப்பனார் பேரு?"

என் அப்பா பேர்தான். சொன்னேன்.