தாழ்ப்பாள் என் பக்கம்

முதல் நாள், மாலை 5:20
'நீலாம்பல்' கப்பல். ஆறாம் தளம், அறை 18. போகும் இடம் சனிக் கோள். காற்று சீர். வெப்பம் 24. குறை ஒன்றும் இல்லை.

இந்த வரிசையில்தான் எழுத வேண்டும் என்று பயணிகளுக்குக் கொடுத்த குறிப்பேட்டில் அச்சடித்திருக்கிறது. நானே படித்தேன். போன வருடம், அறுபத்தொன்பது வயதில் எழுத்து கற்றுக்கொண்டேன். ஒரு பக்கம் எழுத வெகுநேரம் ஆகிறது. ஆகட்டும். 'ழ' போட்டு முடிக்கும்போது கடைசிச் சுழியில் ஒரு சந்தோஷம் வருகிறது. இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் அந்த எழுத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.

என் பெயர் தளவாய். தூத்துக்குடி துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். பக்கத்து அறை 19-இல் என் கூட்டாளிகள் சவரிமுத்துவும் மீரானும். மீரானின் மகன் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். அவனுக்குக் கிடைத்த சலுகையில் மூவரும் வந்தோம்.

அறைக்கு ஒரு பால்கனி, கண்ணாடிக் குமிழ் போல. இரண்டு பால்கனிக்கும் நடுவில் ஒரு தடுப்பு. பணிப்பெண் வந்து அதைத் திறந்துவிட்டாள். தாழ்ப்பாள் என் பக்கம் மட்டும் இருக்கிறது. இப்போது மூவருக்கும் ஒரே பால்கனி.

இரண்டாம் நாள், காலை 9:00
காற்று சீர். வெப்பம் 24.

அறைக்கு இரண்டு கட்டில். மூவரில் ஒருவன் தனியாகத்தான் படுக்க வேண்டும். அது நான் என்று எப்போது முடிவானதோ தெரியவில்லை. அறைக்கு அறை பேசும் சுவர்ப் பேசியில் சவரி காரணம் சொன்னான்.

"மீரானுக்குக் காது மந்தம்லா. மணி அடிச்சாலும் கேக்காது. நான் கூட இருக்கேன். நீ தாராளமா கையக் கால நீட்டிப் படு ல."

தாராளமாகப் படுத்தேன். உறக்கம் வரவில்லை. சவரியும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மீரான் எட்டு வருடம் கழித்து வந்தவன். அவனைச் சவரியிடம் கூட்டிக்கொண்டு போனதே நான்தான்.

மூன்றாம் நாள், காலை 10:15
சனி தெரிகிறது. அவர்கள் பக்கம் முழுதாக. என் பக்கம் ஓர் இரும்புத் தூண் நடுவில் வருவதால் பாதி.

நான் எழுவதற்கு முன்பே இருவரும் பார்த்துவிட்டார்கள். ஏன் எழுப்பவில்லை என்று பேசியில் கேட்டேன். மீரான் எடுத்தான். காது மந்தம் என்பதால் கத்தித்தான் பேசுவான்.

"நல்லா ஒறங்குனியே, பாவம்னு விட்டோம். அந்த வளையத்தப் பாத்துட்டு சவரி ஒண்ணு சொன்னாம் பாரு..."

சொல்லி முடிக்கவில்லை. சிரித்தான். பின்னால் சவரியும் சிரித்தான். இருமும் வரை சிரித்தார்கள். என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"அத அப்பமே கேட்டுருக்கணும் டே. இப்பச் சொன்னா சிரிப்பு வராது."

மூன்றாம் நாள், மதியம் 1:40
தடுப்பைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கோபித்துக்கொண்டு போனவனை யாரும் கூப்பிடக் கூடாது. தானாக வர வேண்டும். வந்த பிறகு ஏன் போனாய் என்று கேட்கவும் கூடாது. துறைமுகத்தில் எத்தனையோ கூட்டு முறிந்தது. எங்கள் கூட்டு நின்றது இதனால்தான்.

இந்த முறை அவர்கள் கூப்பிடட்டும்.

நான்காம் நாள், காலை 11:05
கப்பல் ஒரு முறை குலுங்கியது. மேசையிலிருந்த தம்ளர் விழுந்தது. அறைக்கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. ஒலிபெருக்கியில் சொன்னார்கள்:

"பயணிகள் கவனத்திற்கு. விண்கல் துகள் மோதியதால் நடைபாதைகளை மூடியிருக்கிறோம். அவரவர் அறையிலேயே இருங்கள். பால்கனித் தடுப்புகளைத் திறந்து வையுங்கள். ஓர் அறையின் காற்று இயந்திரம் நின்றாலும் பக்கத்து அறையின் இயந்திரம் இரண்டுக்கும் போதும்."

என் இயந்திரம் ஓடுகிறது. காற்று சீர். அவர்களுக்கும் இது கேட்டிருக்கும். திறக்கச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டால் திறந்துவிடுவேன்.

நான்காம் நாள், மாலை 4:30
கேட்கவில்லை. சீட்டை மேசையில் அடிக்கும் சத்தம் வருகிறது. ரம்மி. இரண்டு பேருக்கு ரம்மியில் என்ன ருசி? மூன்றாவது கை இல்லாமலே ஆடப் பழகிவிட்டார்கள். ஒரு முறை சிரிப்பும் கேட்டது.

காதைத் தடுப்பில் வைத்துத்தான் கேட்டேன். எழுதுவதில் பொய் வேண்டாம்.

ஐந்தாம் நாள், காலை 8:20
சீட்டுச் சத்தம் இல்லை. உறங்குகிறார்கள் போலும். நேரம் போனது தெரியாமல் பேசியிருப்பார்கள். என்ன பேசினார்களோ.

ஐந்தாம் நாள், காலை 9:50
சுவர்ப் பேசி அடித்தது. அவர்கள் என்று நினைத்து, உடனே எடுக்கவில்லை. கொஞ்சம் அடிக்கவிட்டு எடுத்தேன். கப்பல் அதிகாரி. பெண் குரல்.

"ஐயா, மூணு பேரும் நல்லாயிருக்கீங்களா? 19-லேர்ந்து யாரும் பேசியை எடுக்கல. உங்க ரூமுக்கு வந்துட்டாங்களா?"

ஏன் வர வேண்டும் என்று கேட்டேன்.

"அவங்க இயந்திரம் நேத்து மோதினப்பவே நின்னுபோச்சே! அப்பவே கூப்பிட்டுக் கேட்டேன். சவரிமுத்து ஐயாதான் பேசினார். தடுப்பு திறந்துதான் இருக்கு, பக்கத்து ரூம்ல எங்க ஆளு இருக்கான், எங்களைப் பத்திக் கவலப்படாதீங்க, வேற ரூமப் பாருங்கன்னார். திறந்துதானே ஐயா இருக்கு?"

பேசி தொங்குகிறது. அந்தப் பெண் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இதை எழுதாமல் போயிருக்க வேண்டும். கை தாழ்ப்பாளுக்குப் போக மறுக்கிறது. போகிறே—

ஐந்தாம் நாள். மணி பார்க்கவில்லை
திறந்தேன். அங்கே கனத்த காற்று. தலை சுற்றியது. இப்போது என் பக்கத்துக் காற்று அங்கே போகிறது. எவ்வளவு வேகமாகப் போகும் என்று தெரியாது. விசிறினேன். துண்டால் விசிறினேன்.

இருவரும் தடுப்பின் அடியில் சாய்ந்திருந்தார்கள். நான் காது வைத்த இடத்துக்கு நேர் கீழே. தட்டியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். தட்டவில்லை.

மீரான் சில்லிட்டிருந்தான். அவன் கையைச் சவரி பிடித்திருந்தான். விரல் விரலாகப் பிரித்தேன். மீரானைக் கட்டிலில் கிடத்திப் போர்த்தினேன்.

சவரிக்கு மூச்சு இருக்கிறது. மெல்ல. உதடு நீலம். அவர்கள் அறைப் பேசியை எடுத்தேன். அந்தப் பெண் சொல்கிறாள்:

"மருத்துவர் வர்ற வழியத் திறக்குறாங்க. அவரைத் தூங்க விடாதீங்க. பேசிக்கிட்டே இருங்க."

மீரான் இருந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். ஒரு கையில் சவரியின் கை. இன்னொரு கையில் எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது. இங்கிருந்து சனி முழுதாகத் தெரிகிறது.

சவரி கண் திறக்கவில்லை. என் கையை அழுத்தினான். உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"கூப்டாத, மீரான். அவன் வந்துருவான். இன்னுங் கொஞ்ச நேரம் பொறு."

பேசிக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மீரானைப் போலவே கத்திச் சொன்னேன். சரி டே, பொறுக்கேன்.